காப்பியமா, காவியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று பலரும் இந்தச் சொல்லில் தடுக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாராட்டுக்கூட்டத் தட்டியிலிருந்து திரைப்பட விளம்பரம் வரை எல்லா இடத்திலும் காவியம் கிடக்கிறது. ஆனால் "காப்பியம் என்றால் என்னங்க?" என்று யாராவது நேராகக் கேட்டுவிட்டால் ஐந்து பெயர்களை ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஐந்துக்கு அப்பாலும் கேள்விகள் உண்டு.

காப்பியம், காவியம் இரண்டும் ஒன்றா?

வேர் ஒன்றுதான். வடமொழியில் கவி செய்வது காவ்யம். அது தமிழுக்குள் வந்தபோது இரண்டு வழியில் திரிந்தது. 'வ்ய' என்ற கூட்டொலி தமிழ் நாக்குக்கு ஆகாது. நடுவே ஓர் இகரத்தைச் செருகினால் காவியம். வகரத்தைப் பகரமாக்கி இரட்டித்தால் காப்பியம். திவ்யம் என்பது திவ்வியம் என்றும் திப்பியம் என்றும் ஆனதே, அதே கதை.

வடமொழியில் காவ்யம் என்றால் நீளமான கதைப்பாட்டு என்று பொருள் இல்லை. கவித்துவமான எதுவும் காவ்யம்தான், உரைநடைகூட. நீண்ட கதைப்பாட்டை அங்கே மகாகாவ்யம் என்பார்கள். தமிழில்தான் காப்பியம் என்றாலே பெரிய கதை என்று ஆகிவிட்டது.

இன்றைய வழக்கில் ஒரு சின்ன வேறுபாடு விழுந்திருக்கிறது. பாடநூலும் இலக்கிய வரலாறும் காப்பியம் என்று எழுதும். பேச்சும் சினிமாவும் கவிஞர்களும் காவியம் என்பார்கள். 'காதல் காவியம்' காதுக்கு இயல்பாக இருக்கிறது. 'காதல் காப்பியம்' என்றால் யாரோ தேர்வுக்குப் படிப்பதுபோல் ஒலிக்கிறது.

காப்பு + இயம் என்று பிரித்து, மரபைக் காப்பது காப்பியம் என்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கிறது, மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பழைய நூல்களில் இச்சொல் வரும் இடங்கள் அதற்குத் துணை வருவதில்லை. மணிமேகலையில் 'நாடகக் காப்பிய நன்னூல் நுனிப்போர்' என்று ஓர் அடி உண்டு. நாடகம், காப்பியம் முதலிய நூல்களை நுணுகி ஆராய்பவர்கள் என்று பொருள். அங்கே அது ஒரு கலை வகையின் பெயராகத்தான் நிற்கிறது. எதையும் காப்பாற்றுகிற வேலை அதற்கு இல்லை.

அப்படியென்றால் தொல்காப்பியம் காப்பியமா?

இல்லை. அது இலக்கண நூல். எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரம். தேர்வில் இதைத் தவறாக எழுதுகிற பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், பெயர் அப்படி ஏமாற்றுகிறது. 'தொல்காப்பியன் எனத் தன்பெயர் தோற்றி' என்று அதன் சிறப்புப்பாயிரமே சொல்வதால், நூலின் பெயர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. காப்பியன் என்பது அந்தக் காலத்து ஆட்பெயர் அல்லது குடிப்பெயர். பதிற்றுப்பத்தில் நான்காம் பத்தைப் பாடியவர் பெயர் காப்பியாற்றுக் காப்பியனார். அவரும் காப்பியம் எதுவும் எழுதவில்லை.

நாம் இன்று காப்பியம் என்கிற வகைக்குத் தொல்காப்பியத்தில் ஏறக்குறையப் பொருந்தும் சொல் 'தொன்மை'. செய்யுளியலில் வனப்பு எட்டு என்று வரும் பட்டியலில் அதுவும் ஒன்று: 'தொன்மை தானே உரையொடு புணர்ந்த பழமை மேற்றே'. பழைய கதையை உரைநடை கலந்து சொல்வது. சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

காப்பியத்துக்கு இலக்கணம் என்ன?

தண்டியலங்காரம்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. வடமொழியில் தண்டி எழுதிய காவ்யாதர்சத்தைத் தழுவித் தமிழில் எழுந்தது. 12ஆம் நூற்றாண்டு என்பார்கள். அது கதைத் தொடர்ச்சியுள்ள நூலைப் 'பொருள்தொடர்நிலை' என்று பெயரிட்டு, பெருங்காப்பியம், காப்பியம் என்று இரண்டாகப் பிரிக்கிறது.

பெருங்காப்பியத்துக்கு அது கேட்கும் சாமான் பட்டியல் நீளமானது. தொடக்கத்தில் வாழ்த்தோ வணக்கமோ வருபொருள் சொல்வதோ வேண்டும். அறம், பொருள், இன்பம், வீடு நான்கும் வேண்டும். தன்னிகர் இல்லாத் தலைவன் வேண்டும். மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிறும் திங்களும் எழுவது எல்லாம் வர்ணிக்கப்பட வேண்டும். திருமணம், முடிசூட்டு, பொழில் விளையாட்டு, புனல் விளையாட்டு, கள்ளுண்டு களித்தல், பிள்ளைப் பேறு, ஊடல், கூடல். அப்புறம் மந்திராலோசனை, தூது, படைச்செலவு, போர், வெற்றி. கிட்டத்தட்ட ஒரு கல்யாண வீட்டுச் சீர்வரிசை.

நாற்பொருளில் ஏதாவது குறைந்தால் அது வெறும் காப்பியம். அதுதான் பிற்காலத்தில் சிறுகாப்பியம் எனப்பட்டது. ஆனால் தண்டியலங்காரமே ஒரு சலுகையும் தருகிறது: 'கூறிய உறுப்பில் சிலகுறைந்து இயலினும் வேறுபாடு இன்றென விளம்பினர் புலவர்'. வர்ணனை உறுப்புகளில் சில விடுபட்டாலும் பாதகமில்லை. இந்த வரியைப் பாடம் நடத்தும்போது விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலைவிட இந்த வரிதான் முக்கியம் என்று தோன்றும்.

சிலப்பதிகாரம் இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா? கோவலன் தன்னிகர் இல்லாத் தலைவனா?

கோவலன் வணிகன் மகன். செல்வத்தைத் தொலைத்தவன், பாதிக் கதையில் வெட்டுண்டு சாகிறான். அவனைத் தன்னிகர் இல்லாதவன் என்று நிறுவப் பலர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கண்ணகியைத் தலைவியாக வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. இந்தப் பாடே தேவையில்லை. சிலம்பு முந்தியது, தண்டியலங்காரம் பிந்தியது. துணி தைத்துப் போட்டுக்கொண்டு போனவனை, பல நூற்றாண்டு கழித்து வந்த அளவுநாடாவை வைத்து அளப்பதில் என்ன இருக்கிறது?

சிலப்பதிகாரம் தன்னைக் காப்பியம் என்று எங்கும் அழைத்துக்கொள்ளவில்லை. பதிகத்தில் வருவது 'நாட்டுதும் யாமோர் பாட்டுடைச் செய்யுள்' என்பது. இன்னோர் இடத்தில் 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்'. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அதை 'இயலிசைநாடகப் பொருட்டொடர்நிலைச் செய்யுள்' என்கிறார். கானல்வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் படித்தால் அந்த நீளமான பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டும் கூத்தும் புகுந்துவிடும்.

'குடிமக்கள் காப்பியம்', 'முத்தமிழ்க் காப்பியம்', மணிமேகலையோடு சேர்த்து 'இரட்டைக் காப்பியம்' என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சூட்டியவை.

ஐம்பெருங்காப்பியம் என்ற பெயரை யார் வைத்தது?

சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. இந்த ஐந்தும் ஐந்து காலத்தில், ஒருவரை ஒருவர் பாராமல் எழுதியவை என்று சொல்லிவிட முடியாது, மணிமேகலை சிலம்பின் தொடர்ச்சி. ஆனால் எழுதிய யாரும் 'ஐவரில் ஒருவனாக' எழுதவில்லை. நன்னூலுக்கு உரை எழுதிய மயிலைநாதர் 'ஐம்பெருங்காப்பியம்' என்ற தொடரைப் பயன்படுத்துகிறார். எவை அந்த ஐந்து என்று சொல்லவில்லை. பெயர்களை வரிசையாகச் சொல்வது அதற்குப் பின்வந்த திருத்தணிகையுலா.

ஐந்து பெயரிலும் நகை மின்னுவதைக் கவனித்திருப்பீர்கள்: சிலம்பு, மேகலை, மணி, வளை, குண்டலம். தமிழன்னைக்கு அணிகலன் என்று பள்ளி ஆண்டுவிழாப் பேச்சில் வராமல் இருக்காது. நகைக் கணக்குப் பார்த்தால் சூளாமணியும் தலையில் சூடும் மணிதான், அதை ஏன் சிறுகாப்பியத்தில் தள்ளினார்கள் என்று கேட்டால் பேச்சாளர் தண்ணீர் குடிப்பார்.

ஐஞ்சிறுகாப்பியம் என்றால் அளவில் சிறியவையா?

பாட்டை எண்ணினால் அப்படிச் சொல்ல முடியாது. ஐஞ்சிறுகாப்பியம் என்பவை நாககுமார காவியம், உதயணகுமார காவியம், யசோதர காவியம், சூளாமணி, நீலகேசி. ஐந்தும் சமணம். இவற்றில் சூளாமணியில் மட்டும் 2000 பாடலுக்கு மேல் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: பெயரிலேயே காவியம் என்று வைத்துக்கொண்டவை மூன்றும் 'சிறு' வரிசையில் இருக்கின்றன. பெருங்காப்பியம் ஐந்தில் ஒன்றுகூட அந்தச் சொல்லைப் பெயரில் தாங்கவில்லை.

எழுதும்போது கவனிக்க: பெருங்காப்பியம் என்பதில் ங் வரும், சேர்த்தே எழுத வேண்டும். சிறுகாப்பியத்தில், சிறுகதைபோல, ங் வேண்டாம்.

பெருங்காப்பியம் ஐந்தும் முழுதாகக் கிடைக்கின்றனவா?

மூன்றுதான் முழுதாகக் கிடைக்கின்றன. குண்டலகேசியில் 19 பாடல் மிஞ்சியிருக்கிறது. வளையாபதியில் எழுபதுக்குச் சற்று மேல். அவையும் மற்ற நூல்களின் உரைகளிலும் புறத்திரட்டு போன்ற தொகுப்பிலும் மேற்கோளாக ஒட்டிக்கொண்டு தப்பியவை. திருவாவடுதுறை மடத்தில் வளையாபதி ஏட்டை ஒருகாலத்தில் பார்த்ததாகவும், பின்னால் தேடியபோது கிடைக்கவில்லை என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பார்த்த ஏடு காணாமற்போவது என்பது, பார்க்காத ஏடு அழிந்துபோவதைவிட மோசம்.

இருக்கிற மூன்றும்கூட இன்று அச்சில் கையில் இருக்கிறதென்றால் அதற்கும் அவர்தான் காரணம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர், ஊருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் அசைவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் அந்த ஏடுகளைக் கண்ணாலும் கண்டதில்லை. அத்தனை பெரிய வித்துவான் பரம்பரையில் வந்தவருக்கே அன்றைக்கு அந்த நிலை. அப்புறம் சிந்தாமணி ஏடு வந்து, கதையும் சமயக் கருத்தும் புரியாமல், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்து பாடம் கேட்டு, 1887இல் பதிப்பித்தார். 1892இல் சிலப்பதிகாரம், 1898இல் மணிமேகலை. காப்பியம் என்ற சொல்லுக்கு இன்று நாம் தருகிற மரியாதையின் வயது, அந்த அச்சுப் பிரதிகளின் வயதுதான் ஏறக்குறைய.

காப்பியத்தில் வர்ணனைதான் அதிகம், கதை நகராது என்கிறார்களே?

கதையை மட்டும் தேடுகிறவர்களுக்குச் சலிப்பு வரலாம், ஒத்துக்கொள்கிறேன். நாட்டு வளம், நகர வளம் என்று தொடங்கியதும் பக்கத்தைத் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சிந்தாமணியில் நெற்பயிர் வளர்வதைச் சொல்லும் இந்தப் பாட்டைப் பாருங்கள்:

சொல்லருஞ் சூற்பசும் பாம்பின் தோற்றம்போல்
மெல்லவே கருவிருந்து ஈன்று மேலலார்
செல்வமே போல்தலை நிறுவித் தேர்ந்தநூற்
கல்விசேர் மாந்தரின் இறைஞ்சிக் காய்த்தவே

கதிர் வெளிவராமல் பயிர் தண்டு பருத்து நிற்கிறது. அதற்குச் சூல்கொண்ட பச்சைப் பாம்பு உவமை. நம் ஊரில் அதைப் பொதிப்பருவம் என்பார்கள், தண்டை விரலால் தடவிப் பார்த்தால் உள்ளே உருண்டிருப்பது தெரியும். அப்புறம் கதிர் வந்ததும், திடீர்ப் பணக்காரன்போல் தலையை நிமிர்த்தி நிற்கிறது. உள்ளே பால்கூடப் பிடித்திருக்காது. மணி முற்றியதும் நன்றாகப் படித்தவனைப்போல் தலை கவிழ்கிறது. நான்கு வரிக்குள் மூன்று மாதப் பயிர். கதை நகரவில்லை என்று எப்படிச் சொல்வது? பாடிய திருத்தக்கதேவர் துறவி. வரப்பில் நின்று பார்த்த துறவி.

காதை, இலம்பகம், சருக்கம், படலம்: ஏன் இத்தனை பெயர்?

உட்பிரிவுக்குப் பெயர், அவ்வளவுதான். சிலம்பிலும் மணிமேகலையிலும் காதை, தலா 30. சிந்தாமணியில் இலம்பகம், 13. சூளாமணியில் சருக்கம். கம்பர் காண்டமாகப் பிரித்து அதற்குள் படலமாகப் பிரித்தார். உமறுப்புலவரும் வீரமாமுனிவரும் அவர் வழியிலேயே போனார்கள்.

கம்பராமாயணம் ஐம்பெருங்காப்பியப் பட்டியலில் ஏன் இல்லை? அது இதிகாசமா, காப்பியமா?

கம்பர் தன் நூலுக்கு வைத்த பெயர் இராமாவதாரம். 10,000 பாடலுக்கு மேல். காப்பியத்துக்குரிய எல்லா உறுப்பும் அதில் உண்டு, தண்டியலங்காரக்காரர் சீர்வரிசையைச் சரிபார்த்தால் ஒன்றுகூடக் குறையாது. ஐந்து என்ற பட்டியல் தரவரிசை அல்ல. 'டாப் ஃபைவ்' மாதிரி அதை வாசிப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

இதிகாசம் என்பது 'இப்படித்தான் இருந்தது' என்று பொருள்படும் வடசொல். நடந்ததாக நம்பிச் சொல்லப்படும் கதை. இராமாயணமும் மகாபாரதமும் அந்த வகையில் இதிகாசம். ஆனால் வால்மீகியின் நூலையே ஆதிகாவியம் என்றும் சொல்வார்கள். ஆக, கதையைப் பார்த்தால் இதிகாசம், அதைச் செய்த விதத்தைப் பார்த்தால் காவியம். கம்பர் செய்ததைக் காப்பியம் என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பேச்சுத்தமிழ் இந்தத் தகராறை வேறு மாதிரி தீர்த்துவிட்டது. நீட்டி முழக்குகிறவனைப் பார்த்து "காப்பியம் பாடாதே" என்று யாரும் சொல்வதில்லை. "பெரிய ராமாயணமா இருக்கே", "மகாபாரதம் படிக்காதே" என்பதுதான். விடியவிடிய இராமாயணம் கேட்டுச் சீதைக்கு இராமன் சித்தப்பா என்றவனும் நம் ஆள்தான்.

புராணம் என்று பெயர் இருந்தால் காப்பியம் ஆகாதா?

ஆகும். சேக்கிழாரின் பெரியபுராணமும், 5027 பாடல் கொண்ட உமறுப்புலவரின் சீறாப்புராணமும் பெயரில் புராணம், அமைப்பில் காப்பியம். சீறாவைப் பிரித்தால் அரபு நாட்டு வர்ணனையில் தமிழ்நாட்டு மழை பெய்கிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். காப்பிய மரபு எவ்வளவு வலுவானது என்பதற்கு அந்த மழை போதும். 3615 பாடல் கொண்ட வீரமாமுனிவரின் தேம்பாவணியிலும் யூதேயா நாட்டுக்கு இதே வளம்.

இந்தக் காலத்தில் காப்பியம் எழுதியவர்கள் உண்டா?

உண்டு. 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய பதங்கள், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு இவற்றையுடைய காவியம் ஒன்று செய்து தருபவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்று பாரதி முன்னுரையில் எழுதினார். கற்றோர் புனைவது என்று தண்டியலங்காரம் சொன்னதைக் கழற்றிப்போட்டுவிட்டு, கேட்போர் பக்கம் காவியத்தைத் திருப்பிய வாக்கியம் அது.

புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது, 3100 பாடல். கதையைத் தலைகீழாக்கினார், வடிவத்தை இம்மியும் மாற்றவில்லை, காண்டமும் படலமும் விருத்தமும் அப்படியே. 1948இல் அரசு தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. காவியம் என்றால் தூசிபடிந்த அலமாரி என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். கண்ணதாசன் கடைசிக் காலத்தில் எழுதியது இயேசு காவியம்.

'மேக்னம் ஓபஸ்' என்பதைத் தமிழில் காவியம் என்று எழுதலாமா?

மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்கடி கேட்பது இது. அது லத்தீன் தொடர். மேக்னம் என்றால் பெரிய, ஓபஸ் என்றால் வேலை. ஒருவர் வாழ்நாளில் செய்ததிலேயே பெரிய வேலை என்று பொருள். ரசவாதிகள் தங்கள் பொன்செய்யும் வித்தையையும் இதே பெயரால் அழைத்தார்கள். மேல்நாட்டு இசையில் ஒருவரின் ஆக்கங்களுக்கு ஓபஸ் எண் தருவார்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஓபஸ் 125.

இதைக் காவியம் என்றால் குழப்பம்தான். அபிதான சிந்தாமணி சிங்காரவேலு முதலியாரின் வாழ்நாள் உழைப்பு, 1910இல் வந்த கலைக்களஞ்சியம். கருணாமிர்த சாகரம் ஆபிரகாம் பண்டிதரின் வாழ்நாள் உழைப்பு, 1917இல் வந்த இசை ஆராய்ச்சி. இரண்டும் மேக்னம் ஓபஸ். இரண்டிலும் தொடர்ந்து ஓடும் கதை கிடையாது, எப்படிக் காவியமாகும்? வாழ்நாள் படைப்பு, பெரும்படைப்பு என்று எழுதுங்கள், போதும். 'தலைசிறந்த படைப்பு' என்றால் தரத்தை மட்டும் சொல்கிறது; உழைத்த காலமும் கனமும் விட்டுப்போகிறது.

சினிமாவைக் காவியம் என்பது தவறா?

தவறென்று சண்டைக்குப் போகமாட்டேன். தலைமுறை கடந்த கதை, பெரிய களம், போர், பிரிவு, எல்லாம் இருக்கிற படத்தைத் திரைக்காவியம் என்றால் பொருந்தும். இரண்டு பேர் காதலித்து ஒருவர் செத்துப்போனாலே 'அமர காவியம்' என்பதுதான் உறுத்துகிறது. வரலாற்று நாவலைக் காவியம் என்பதும் அப்படியே. அன்பு மிகுதியில் வாசகர் சொல்வது. கட்டுரையில் எழுதும்போது நாவல் என்றே எழுதலாம், அதனால் அதன் மதிப்பு குறையாது. காவியம் ஒரு வடிவத்தின் பெயர். பாராட்டுப் பத்திரம் என்று நினைத்துவிட்டால், மோசமான காவியம் என்று ஒன்று இருக்கவே முடியாமல் போய்விடும். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நான் படித்திருக்கிறேன்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை எடுங்கள், நூறு அடிக்குள் முடிந்துவிடும். உரையை மூடி வைத்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், புரியாத சொல்லில் நிற்காதீர்கள். தன் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் பாண்டியன். கோவலனிடம் பறித்த சிலம்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அவள் எடுத்து உடைக்கிறாள். 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.' பாண்டியன் முகத்தில் பட்டது முத்து இல்லை.